லேப் மூலையில் ஓடும் சர்வரும் லினக்ஸ் பேக்கேஜ்களும்



நம்ம கம்ப்யூட்டர் லேபில் கடைசி மேசைக்கு அடியில், மானிட்டர் இல்லாமல் ஒரு பழைய பெட்டி எந்நேரமும் ஓடிக்கொண்டிருக்கும். "அக்கா, அது எதுக்குச் சும்மா ஓடுது? ஆஃப் பண்ணிடலாமா?" என்று 9ஆம் வகுப்புத் தம்பி, தங்கைகள் அடிக்கடி கேட்கிறார்கள். தயவுசெய்து பண்ணிடாதீங்க! அதுதான் நம் லேபின் சர்வர். 12ஆம் வகுப்பு மாணவர்களின் பைத்தான் புரோகிராம்கள், பழைய வினாத்தாள்கள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. கணினி ஆசிரியரின் மேற்பார்வையில் அதைப் பார்த்துக்கொள்ளும் இரண்டு மாணவிகளில் நான் ஒருத்தி. தெரிந்துகொண்டதை எல்லோருக்கும் புரியும்படி இங்கே எழுதுகிறேன்.

1. சர்வர் என்றால் என்ன?

சர்வர் என்றால் பெரிய, விலை உயர்ந்த இயந்திரம் என்று நாம் நினைக்கிறோம். அப்படியில்லை. மற்ற கணினிகள் கேட்பதை எடுத்துக் கொடுக்கும் எந்தக் கணினியும் சர்வர்தான். சாப்பாட்டுக் கடையில் பரிமாறுபவரையும் சர்வர் என்றுதானே சொல்கிறோம்? அதே வேலைதான். ஒரு கணினி "என் ஃபைலைக் கொடு" என்று கேட்கும், சர்வர் கொடுக்கும்.

நம் சர்வருக்கு மானிட்டர், கீபோர்டு தேவையில்லை. வேறொரு கணினியிலிருந்து எஸ்எஸ்ஹெச் என்ற பாதுகாப்பான வழியில் உள்ளே நுழைந்து வேலை செய்வோம். 1995ல் பின்லாந்தில் தாத்து இலோனன் என்பவர் உருவாக்கியது அது.

2. லினக்ஸ் வந்த கதை

நம் சர்வரில் இருப்பது டெபியன் என்ற லினக்ஸ் வகை. 1983ல் அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டால்மன் குனு திட்டத்தை அறிவித்தார். எவரும் பயன்படுத்தலாம், உள்ளே எப்படி எழுதியிருக்கிறது என்று படித்துப் பார்க்கலாம், மாற்றலாம், பிறருக்கும் கொடுக்கலாம். இந்த நான்கு சுதந்திரமும் உள்ள மென்பொருள் வேண்டும் என்பது அவர் கருத்து. 1991ல் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், 21 வயதில், லினக்ஸ் கெர்னலை எழுதி வெளியிட்டார். இரண்டும் சேர்ந்ததுதான் குனு/லினக்ஸ்.

1993 ஆகஸ்டு 16 அன்று இயான் மர்டாக் என்ற மாணவர் டெபியன் திட்டத்தைத் தொடங்கினார். டெப்ரா என்ற தோழியின் பெயரையும் தன் பெயரையும் சேர்த்து வைத்த பெயர் அது. எந்தக் கம்பெனிக்கும் சொந்தமில்லாமல் உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் அதை நடத்துகிறார்கள். அவர்களின் ஆண்டு மாநாடு 2023 செப்டம்பரில் நம் பக்கத்து மாநிலத்தில், கொச்சியில் நடந்தது.

3. நம்ம பக்கம் லினக்ஸ்

இதெல்லாம் வெளிநாட்டுச் சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் 2007ல் சென்னையிலிருந்து வெளியிட்ட பாஸ் லினக்ஸ், டெபியனை அடிப்படையாகக் கொண்டதுதான். தமிழ் உட்பட இந்திய மொழிகளில் அதைப் பயன்படுத்தலாம். பள்ளிகளுக்கென்று எடுபாஸ் என்ற பதிப்பும் வந்தது. 2011ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் அண்ணன், அக்காக்கள் வாங்கிய பல மடிக்கணினிகளில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் இருந்தது. பெரும்பாலானோர் அதைத் திறந்தே பார்க்கவில்லை என்பதுதான் வருத்தம்.

கேரளத்தில் அரசின் கைட் நிறுவனம் பள்ளிகளுக்கென்றே குனு/லினக்ஸ் தயாரித்துக் கொடுக்கிறது. இங்கே பக்கத்தில் விழுப்புரத்தில் குனு/லினக்ஸ் பயனர் குழு ஒன்று கிராமத்து மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்து வருகிறது. கணியம் என்ற தமிழ் இதழ் 2012லிருந்து இதையெல்லாம் எளிய தமிழில் எழுதி வருகிறது.

சரி, நமக்கு இப்போது இது ஏன் அவசியம்? விண்டோஸ் 10க்கான இலவசப் பாதுகாப்பு ஆதரவு பொதுவாக 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. பழைய கணினிகள் பல விண்டோஸ் 11க்கு ஏற்றவை அல்ல. அவற்றைப் பழைய இரும்புக் கடைக்குப் போடுவதா, லினக்ஸ் போட்டு இன்னும் சில வருடம் படிப்பதா? இதுதான் கேள்வி.

4. பேக்கேஜ் என்றால் என்ன?

இனி முக்கியமான பாடத்துக்கு வருவோம்.

லினக்ஸில் ஒரு மென்பொருளை நிறுவத் தேவையான ஃபைல்கள் எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டிய மூட்டைதான் பேக்கேஜ். தமிழில் பொதி என்பார்கள். மூட்டைக்குள் ஒரு சீட்டும் இருக்கும். பெயர் என்ன, எத்தனையாவது பதிப்பு, யார் பராமரிக்கிறார்கள், கூட வேறென்ன வேண்டும் என்று அதில் எழுதியிருக்கும்.

இந்த மூட்டைகளை அடுக்கி வைத்த கிடங்கின் பெயர் ரெபாசிட்டரி. 2025 ஆகஸ்டு 9 அன்று வெளியான டெபியன் 13ன் கிடங்கில் 69,000க்கும் அதிகமான பேக்கேஜ்கள் உள்ளன. எல்லாவற்றுக்கும் விலை: பூஜ்யம் ரூபாய்!

மூட்டையைப் பிரித்து வைக்கிற ஆள் டிபிகேஜி. கிடங்குக்குப் போய்ப் பார்த்து, வேண்டியதை எல்லாம் கணக்குப் போட்டு வாங்கி வருகிற ஆள் ஏபிடி. ஏபிடி மேஸ்திரி என்றால் டிபிகேஜி கொத்தனார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

5. ஒன்றைச் சார்ந்து ஒன்று

விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மையும் ஃபியூஸ் கட்டையும் செய்வது நமக்குத் தெரியும். ஒரு பொம்மைக்கு என்னவெல்லாம் வேண்டும்? மண் வேண்டும், அச்சு வேண்டும், மெருகுப் பூச்சு வேண்டும், சூளை வேண்டும். சூளை இல்லாமல் அச்சு மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஆனால் ஒவ்வொரு பொம்மைக்கும் தனித்தனிச் சூளை கட்டுவதில்லை. ஒரே சூளையில் பொம்மையும் வேகும், ஃபியூஸ் கட்டையும் வேகும்.

மென்பொருளும் அப்படித்தான். விண்டோஸ் கணினிகளும் லினக்ஸ் சர்வரும் ஃபைல்களைப் பகிர்ந்துகொள்ள சாம்பா என்ற மென்பொருள் உதவுகிறது. நம் சர்வரில் அதை நிறுவு என்று சொன்னதும் ஏபிடி, "இதற்கு இன்னின்ன பேக்கேஜ்களும் வேண்டும், இவ்வளவு இடம் பிடிக்கும், தொடரலாமா?" என்று பட்டியல் போட்டுக் கேட்டது. இதைத்தான் டிபென்டன்சி, அதாவது சார்பு என்கிறோம். பல மென்பொருள்கள் பொதுவாகப் பயன்படுத்தும் சூளைக்கு லைப்ரரி என்று பெயர்.

இதில் ஒரு பெரிய நன்மை உண்டு. 2014ல் ஓபன்எஸ்எஸ்எல் என்ற பொது லைப்ரரியில் ஹார்ட்பிளீட் என்ற ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. உலகெங்கும் ஏராளமான சர்வர்கள் ஆபத்தில் இருந்தன. ஆனால் டெபியன் மாதிரி அமைப்பில் லைப்ரரிப் பேக்கேஜை மாற்றி, அதைப் பயன்படுத்தும் சேவைகளை மறுபடி தொடங்கினாலே அவை எல்லாம் சரியாகிவிடும். சூளையைப் பழுது பார்த்தால் எல்லாப் பொம்மையும் நன்றாக வேகும் அல்லவா?

தீமையும் உண்டு. பொதுச் சூளை கெட்டால் எல்லாம் கெடும். அதனால்தான் அடுத்த பகுதி.

6. முத்திரை பார்த்து வாங்கு!

கடையில் எடைக்கல்லில் முத்திரை இருக்கிறதா என்று நம் அம்மாக்கள் பார்ப்பார்கள். ஏபிடியும் அப்படித்தான் பார்க்கிறது. கிடங்கின் பட்டியலுக்கு டெபியன் திட்டத்தின் மின்னணுக் கையொப்பம் உண்டு. அந்தப் பட்டியல் வழியாக ஒவ்வொரு பேக்கேஜின் கைரேகை போன்ற ஒரு நீண்ட எண்ணும் கிடைக்கும். இறக்கிய மூட்டையின் கைரேகை பட்டியலோடு ஒத்துப்போகாவிட்டால் ஏபிடி அதைத் தொடாது. நடுவழியில் யாராவது ஒரே ஒரு எழுத்தை மாற்றியிருந்தாலும் மாட்டிக்கொள்வார்கள்.

எங்கோ கிடைத்த பென்டிரைவிலிருந்து "கிராக்" செய்த மென்பொருளைப் போடுகிறோமே, அதில் முத்திரை ஏது? என் மாமா மகன் ஒரு பிரவுசிங் சென்டரில் தன் கல்லூரி புராஜக்டை வைத்திருந்தான். அங்கே போட்ட திருட்டு சாஃப்ட்வேரோடு வைரஸும் வந்து எல்லா ஃபைலும் பூட்டிக்கொண்டன. மூன்று மாத உழைப்பு போச்சு. காசு மிச்சம் பிடிக்கப் போய்ப் புராஜக்டே போனது.

முத்திரை மட்டும் போதுமா? போதாது. 2024 மார்ச்சில் நடந்ததைக் கேளுங்கள். எக்ஸ்இசட் என்ற சிறிய சுருக்கும் மென்பொருளை ஒரே ஒருவர் தன்னார்வமாகப் பராமரித்து வந்தார். ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் இரண்டு வருடத்துக்கும் மேலாக உதவி செய்து நம்பிக்கை பெற்று, பிறகு அதற்குள் ரகசியக் கதவு ஒன்றை வைத்துவிட்டார். எஸ்எஸ்ஹெச் வழியாகச் சர்வருக்குள் நுழையும் கதவு! ஆண்ட்ரஸ் ஃபிராயிண்ட் என்ற பொறியாளர், எஸ்எஸ்ஹெச் நுழைவுக்கு வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாக ஆவதைக் கவனித்தார். "ஏன் இந்த அரை நொடி?" என்று தோண்டிப் பார்த்து, மார்ச் 29 அன்று உலகத்துக்குச் சொன்னார்.

அந்தக் கெட்ட பதிப்பு டெபியனின் சோதனைக் கிளைகளுக்குள் வந்திருந்தது. ஸ்டேபிள் எனப்படும் நிலையான பதிப்புக்குள் வரவில்லை. ஆகவே சர்வருக்கு எப்போதும் நிலையான பதிப்பே நல்லது. நிரல் திறந்திருந்ததால்தான் ஒருவரால் அதைத் தோண்டிப் பார்க்க முடிந்தது. ஆனால் திறந்திருந்தால் மட்டும் போதாது, யாராவது கண் வைத்துப் பார்க்கவும் வேண்டும்.

7. தினசரிக் கட்டளைகள்

கட்டளைகளை ஆங்கில எழுத்தில்தான் டைப் செய்ய வேண்டும். ஸ்பெல்லிங் லேபின் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். இங்கே உச்சரிப்பும் பொருளும் மட்டும்.

• ஏபிடி அப்டேட் – கிடங்கின் புதிய விலைப்பட்டியலை வாங்கி வரும். எதையும் நிறுவாது!
• ஏபிடி அப்கிரேட் – பட்டியலில் புதிய பதிப்பு உள்ளவற்றைக் கொண்டுவந்து மாற்றும்.
• ஏபிடி செர்ச் – வேண்டிய பேக்கேஜைத் தேடும்.
• ஏபிடி ஷோ – மூட்டையின் சீட்டைப் படித்துக் காட்டும்.
• ஏபிடி இன்ஸ்டால் – நிறுவும்.
• ஏபிடி ரிமூவ் – நீக்கும். ஆனால் அமைப்பு ஃபைல்களை விட்டுவைக்கும்.
• ஏபிடி பர்ஜ் – அமைப்பு ஃபைல்களையும் சேர்த்துத் துடைக்கும்.
• ஏபிடி ஆட்டோரிமூவ் – வேறு பேக்கேஜுக்காக வந்து இப்போது யாருக்கும் வேண்டாததை நீக்கும்.

முதல் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பலருக்குக் குழப்பம். அப்டேட் என்பது மெனுவைப் படிப்பது. அப்கிரேட் என்பது சாப்பிடுவது. மெனுவைப் படித்தால் வயிறு நிறையாது; பழைய மெனுவை வைத்துக்கொண்டு ஆர்டர் பண்ணினால் புதியது கிடைக்காது. அதனால் எப்போதும் முதலில் அப்டேட், பிறகு அப்கிரேட்.

நிறுவுவது, நீக்குவது எல்லாம் ரூட் எனப்படும் தலைமை அதிகாரம் உள்ளவர் மட்டுமே செய்ய முடியும். நம்ம பூவராக சுவாமி கோயிலில் கோரைக்கிழங்குப் பிரசாதம் எல்லோருக்கும் கிடைக்கும். ஆனால் மடப்பள்ளிக்குள் எல்லோரும் போக முடியாதே! அப்படித்தான். சூடோ என்ற சொல்லைக் கட்டளைக்கு முன் சேர்த்தால், அனுமதி உள்ளவருக்கு அந்த ஒரு வேலைக்கு மட்டும் சாவி கிடைக்கும். யார் எப்போது சாவி வாங்கினார் என்பதும் பதிவாகும்.

8. கரண்ட் போன நாள்

போன வருடம் செய்முறைத் தேர்வுக்கு மூன்று நாள் இருக்கும்போது நடந்தது இது. சார் சொன்னபடி அப்கிரேட் ஓடிக்கொண்டிருந்தது. பாதியில் கரண்ட் போனது. யூபிஎஸ்ஸும் சற்று நேரத்தில் நின்றுவிட்டது. திரும்ப வந்ததும் சர்வர் எழுந்தது. ஆனால் ஃபைல் பகிர்வு வேலை செய்யவில்லை. 12ஆம் வகுப்பு முழுவதின் புரோகிராம்களும் உள்ளே! அக்கா ஒருத்திக்கு அழுகையே வந்துவிட்டது. "சார், எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசா போட்டுடலாமா?" என்று ஒரு அண்ணன் கேட்டார்.

சார் என்னைப் பார்த்து, "பயப்படாதேம்மா. அது என்ன சொல்லுதுன்னு முதல்ல வாய்விட்டுப் படி" என்றார்.

ஏபிடியை ஓட்டினேன். "டிபிகேஜி பாதியில் நின்றுவிட்டது, இந்தக் கட்டளையை நீங்களே கொடுக்க வேண்டும்" என்று அதுவே சொல்லி, கட்டளையையும் எழுதிக் காட்டியது. பேக்கேஜ் நிறுவுவதில் இரண்டு படி உண்டு: மூட்டையைப் பிரித்து வைப்பது ஒன்று, வேலைக்குத் தயார் செய்வது இன்னொன்று. எந்த மூட்டை எந்தப் படியில் நின்றது என்று டிபிகேஜி ஒரு பதிவேட்டில் குறித்து வைத்திருக்கிறது. "டிபிகேஜி கன்ஃபிகர் ஏ" என்றதும் விட்ட இடத்திலிருந்து வேலையை முடித்தது. பிறகு "ஏபிடி இன்ஸ்டால் எஃப்" கொடுத்து சார்புகள் சரியா என்று பார்த்தோம். சாம்பா சேவையை மறுபடி தொடங்கினோம். ஃபைல்கள் அத்தனையும் பத்திரம்! சுமார் இருபது நிமிடம்தான்.

அன்று அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? இதிலிருந்து கற்றது: கணினி சொல்லும் பிழைச் செய்தி திட்டு அல்ல, அது ஒரு கடிதம். படிக்காமல் கிழிக்கக் கூடாது.

9. அப்டேட் போடாவிட்டால்?

"நல்லாத்தானே ஓடுது, எதுக்கு அப்டேட்?" என்பார்கள். 2017 மே 12 அன்று வான்னாக்ரை என்ற வைரஸ் பரவியது. சுமார் 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட விண்டோஸ் கணினிகள் பூட்டப்பட்டன. இங்கிலாந்தில் மருத்துவமனைகளே தடுமாறின. அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் அதே வருடம் மார்ச் மாதமே வெளிவந்திருந்தது! இரண்டு மாதம் போடாமல் இருந்தவர்களே பெரும்பாலும் மாட்டிக்கொண்டார்கள். லினக்ஸ் என்றாலும் இதே விதிதான். பூட்டு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பூட்டினால்தான் பூட்டு.

10. ஒருமுறை இறக்கி இருபது பேர் சாப்பிடலாம்

நம்ம ஊரில் நெட் வேகம் உங்களுக்கே தெரியும். ஒரு கணக்குப் போடுவோம். ஒரு கணினிக்கு 300 எம்பி அப்டேட் என்றால் 20 கணினிக்கு 300 × 20 = 6000 எம்பி, அதாவது 6 ஜிபி. ஒரு நாள் முழுவதும் போய்விடும்.

இதற்கு ஏபிடி-கேச்சர்-என்ஜி என்ற பேக்கேஜ் இருக்கிறது. அதைச் சர்வரில் போட்டால், முதல் கணினி கேட்கும்போது இணையத்திலிருந்து இறக்கித் தன்னிடம் ஒரு பிரதி வைத்துக்கொள்ளும். அடுத்த 19 கணினிகளும் அதையே கேட்டால் லேபுக்குள்ளேயே எடுத்துக் கொடுத்துவிடும். 6 ஜிபி வேலை 300 எம்பியில் முடிந்தது. ஊர்க்குழாயிலிருந்து ஒரு அண்டா பிடித்து வந்து, வீட்டில் எல்லோரும் மொண்டு குடிப்பது போல!

11. சர்வர் பார்த்துக்கொள்பவரின் நோட்டு

நாங்கள் ஒரு 40 பக்க நோட்டு வைத்திருக்கிறோம். வாரம் ஒருமுறை:

அ) வட்டில் இடம் எவ்வளவு மீதி என்று பார்ப்போம். நிறைந்துவிட்டால் அப்டேட்டும் ஓடாது, ஃபைலும் சேமிக்க முடியாது. "ஏபிடி கிளீன்" கொடுத்தால் இறக்கி வைத்த பழைய மூட்டைகள் நீங்கி இடம் கிடைக்கும்.
ஆ) பதிவேடுகளில் யாராவது தப்பான பாஸ்வேர்டு போட்டு நுழையப் பார்த்தார்களா என்று பார்ப்போம்.
இ) முதலில் பேக்கப், பிறகுதான் அப்கிரேட். ஆர்சிங்க் என்ற கருவியால் மாற்றம் உள்ளதை மட்டும் வெளி வட்டுக்குப் பிரதி எடுப்போம்.
ஈ) என்ன செய்தோம், எந்தத் தேதி, யார் செய்தது என்று எழுதிக் கையெழுத்துப் போடுவோம்.

நாங்கள் பள்ளியை விட்டுப் போனாலும் அடுத்து வருபவர் அந்த நோட்டைப் பார்த்துத் தொடரலாம். சர்வரைவிட அந்த நோட்டுதான் முக்கியம் என்பார் சார்.

உங்களுக்குத் தெரியுமா?

★ டெபியன் பதிப்புகளுக்கு டாய் ஸ்டோரி கார்ட்டூன் படத்தின் பாத்திரப் பெயர்கள்தான் வைப்பார்கள். டெபியன் 12 புக்வார்ம், 13 டிரிக்ஸி. சோதனைக்கு முதலில் வரும் கிளையின் பெயர் சிட். படத்தில் பொம்மைகளை உடைக்கும் பையன்!
★ உபுண்டு 24.04 என்றால் 2024ஆம் ஆண்டு 4ஆம் மாதம் வெளிவந்தது என்று பொருள். உபுண்டுவும் டெபியனிலிருந்து பிறந்ததே.
★ டெபியன் 13ஐ மிகப் பழைய 32 பிட் கணினிகளில் நிறுவ முடியாது. வீட்டில் பழைய கணினி இருந்தால் முதலில் அது 64 பிட்டா என்று பாருங்கள்.

விடை சொல்லுங்கள் பார்க்கலாம்!

1. அப்டேட் கொடுத்த பிறகும் பழைய பதிப்பே இருக்கிறது. ஏன்?
2. 35 கணினிகள், ஒவ்வொன்றுக்கும் 200 எம்பி. கேச்சர் இருந்தால் எத்தனை எம்பி மிச்சம்?
3. பேக்கேஜின் கைரேகை எண் ஒத்துப்போகாவிட்டால் ஏபிடி என்ன செய்யும்?

விடைகளைத் தாளில் எழுதி லேப் கதவருகே உள்ள பெட்டியில் போடுங்கள். சரியான விடை எழுதும் 10ஆம், 11ஆம் வகுப்பு மாணவர்களில் இருவருக்கு அடுத்த வருடம் அந்த நோட்டு கைமாறும். கணினி தெரிந்திருக்க வேண்டும் என்று அவசியமில்லை. பிழைச் செய்தியைப் பொறுமையாகப் படிக்கத் தெரிந்தால் போதும்.



– 12ஆம் வகுப்பு 'அ' பிரிவு மாணவி,
ஸ்ரீமுஷ்ணம்